விழாத இரண்டாவது விக்கெட்

இல்க்லி
ஜூன் 6

ரூத்,

தொலைபேசியில் உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அது மரியாதையில்லை என்கிறாள் மொரீன். என் மனைவி நாற்பத்தைந்து வருடமாக எதிரணியில்தான் ஆடுகிறாள். கணினியில் எழுத எனக்கு வராது. அதனால் தபால்.

தொலைக்காட்சி அலுவலகத்திலிருந்து நேற்று ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். இருபத்தொன்பது கோடைகாலம் அவர்களுக்காகக் கிரிக்கெட் வர்ணனை செய்தவனுக்கு நன்றி, இனி வர வேண்டாம் என்றது ஒன்று. மற்றது நீ எழுதியது. அது என் கண்ணில் பட்டிருக்கவே கூடாது, எவனோ இரண்டையும் சேர்த்து ஊக்குப் போட்டுவிட்டான்.

‘ரோலண்ட் பெக் புதிய சொற்களை ஏற்கவில்லை. டாண்டனில் நடந்த பெண்கள் ஆட்டத்தில் பேட்டர் என்பதற்குப் பதிலாகப் பதினொரு முறை பேட்ஸ்மேன் என்றார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை.’ கீழே உன் கையெழுத்து.

பதினொன்று! என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் புதினா மிட்டாயைத் தின்றுகொண்டே எண்ணியிருக்கிறாய்.

வர்ணனை அறைச் சுவரில் நீ ‘மேன்’ என முடியும் சொற்களுக்கு மாற்றுச் சொற்களின் பட்டியலை ஒட்டிய அன்று நான் சிரித்தேன், உண்மைதான். “நைட்வாட்ச்மேனை என்ன செய்யப் போற ரூத், பகல் ஷிஃப்டுக்கு மாத்திடுவியா?” என்றேன். “மெய்டன் ஓவர் மட்டும் அப்படியே கன்னியாவே இருக்கலாமா?” என்றேன். நீயும்தான் சிரித்தாய். ஒரு மனிதனை வெளியே அனுப்பும் அளவுக்கு அதில் ஏதோ இருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆகஸ்டில் லீட்ஸ் டெஸ்ட். சனிக்கிழமை, தேநீருக்கு முந்தைய அரை மணி நேரம். என் சொந்த மைதானத்தில் உட்கார்ந்து, என் ஊர் ஜனங்களிடம் நானே ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள். அரை மணி நேரம் தருவார்கள்.

ரோலண்ட்

*

பிரிஸ்டல்
ஜூன் 13

அன்புள்ள ரோலண்ட்,

அந்தத் தாளை எழுதியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நீங்கள் அதை இப்படிப் பார்க்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன். எழுதியதற்கு வருந்துகிறேனா என்று கேட்டால், இந்த வாரம் அதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

ஒரு சொல் உலகத்தை மாற்றிவிடும் என்று நம்புகிறவள் நான் இல்லை. உங்களுக்கே தெரியும். நான் ஆடிய காலத்தில் டாண்டனில் எங்களுக்கு உடை மாற்றத் தந்தது மடக்கு நாற்காலிகள் அடுக்கிய அறை. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி கதவில் சாய்ந்து நிற்க மற்றவர்கள் மாற்றுவோம். அன்று எங்களைப் பேட்டர் என்று அழைத்திருந்தால் தாழ்ப்பாள் வந்திருக்காது. ஆனாலும் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் இருக்க என்ன காரணம்? அந்த அளவுக்குத்தான் நான் அந்தப் பட்டியலை நம்பினேன்.

தொண்ணூற்றேழில், மழையில், மூன்றே காமிராக்களோடு எங்கள் ஆட்டத்தை வர்ணிக்க வந்த ஒரே ஆள் நீங்கள். பதினொரு பேரின் பெயரையும் முன்னமே எங்களிடம் கேட்டு, சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்டு வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாக எழுதும் செய்தித்தாள்களை நீங்கள் நம்ப வேண்டாம்.

அந்தத் தாள் எப்படியோ அவர்கள் கைக்கும் போய்விட்டது, என்னைப் பற்றி நிறையவே எழுதுகிறார்கள். நேற்று கடையில் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெண், “இந்தம்மாதான் அந்தக் கிழவனோட சோத்துல மண்ணப் போட்டது” என்றாள். என் வயதுதான் இருக்கும். ரொட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

லீட்ஸ் என் கையில் இல்லை.

ரூத்

*

இல்க்லி
ஜூலை 2

ரூத்,

சரி, நீ ஜெயித்தாய். சொல்கிறேன். பேட்டர், பேட்டர், பேட்டர்.

மூன்று வாரமாகப் பயிற்சி செய்கிறேன். காலையில் தேநீர்த் தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்படியில் நின்று ஒரு ஓவரை வர்ணிப்பேன். “கெட்டில்கிட்ட ஏன் பேட்டர் பேட்டர்னு கெஞ்சுற, அது அவுட் ஆகாது” என்கிறாள் மொரீன். உள்ளங்கையில் மையால் எழுதிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு லென் அதைப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடப் பரீட்சையா ரோலண்ட்?” என்கிறான். கேட்கட்டும்.

எனக்கு ஆதரவாக ஒரு பட்டாளம் கிளம்பியிருக்கிறது. மதுக்கடையில் முன்பின் தெரியாதவன் எல்லாம் பீர் வாங்கித் தருகிறான். ஒருவன் தோளில் அடித்து, “நீங்கதான் தலைவரே கடைசி ஆம்பளை! பொம்பளைங்க ஆட்டத்தை எவன் பாக்குறான்னு கேட்டீங்க பாருங்க!” என்றான். “நான் எங்கய்யா கேட்டேன்? நூறு ஆட்டம் பாத்தவன்யா நான். நீ எத்தனை பாத்த?” என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பீரை மட்டும் குடித்துவிட்டேன், வீணாக்கக் கூடாது. லீட்ஸ் வானொலியிலிருந்து தினமும் கூப்பிடுகிறார்கள். வந்து உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்கிறார்கள். எனக்கு ஏது கொள்கை? எனக்கு வேண்டியது அரை மணி நேரம்.

உண்மையைச் சொல்கிறேன். நான் வேண்டுமென்று எதிர்க்கவில்லை ரூத். வாயில் வந்தது பழையது. புதியது வருவதற்குள் பந்து போட்டு முடித்துவிடுகிறார்கள். இப்போது பழகிவிட்டேன். ஆகவே உன் காரணம் தீர்ந்துபோனது. டங்கனிடம் சொல். நல்ல தயாரிப்பாளர், நீ சொன்னால் கேட்பார். ரோலண்ட் சொல்லைக் கற்றுக்கொண்டான், சனிக்கிழமை அவனைக் கூப்பிடலாம் என்று ஒரு வரி எழுது. நீ போட்ட பூட்டு, நீதான் திறக்க வேண்டும்.

மொரீன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உன் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ரோலண்ட்

*

பிரிஸ்டல்
ஜூலை 8

அன்புள்ள ரோலண்ட்,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கையில் மையால் எழுதிக்கொண்டு நீங்கள் அடுப்படியில் நிற்பது கண்ணிலேயே நிற்கிறது.

என்னால் டங்கனுக்கு அப்படி எழுத முடியாது. லீட்ஸுக்கான ஆட்களை முடிவு செய்துவிட்டார்கள். தயவுசெய்து என்னிடம் காரணம் கேட்காதீர்கள். இந்தக் கோடையில் ஓய்வாக இருங்கள். மொரீன் எங்காவது கடற்கரைப் பக்கம் போக வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்வாள் அல்லவா.

ரூத்

*

இல்க்லி
ஜூலை 11

ரூத்,

கடற்கரையா!

சொல்தான் காரணம் என்றால் சொல்லைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகும் வேண்டாம் என்றால் காரணம் சொல் இல்லை. எனக்கு எழுபத்தொரு வயது, கூட்டல் கழித்தல் வரும். வயதா? அப்படியென்றால் வயது என்று எழுதியிருக்க வேண்டும். என் நாற்காலி வேறு யாருக்காவது வேண்டுமா? உனக்கா?

வானொலிக்காரனிடம் இருபத்தொன்பதாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் உண்மைக் காரணம் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால், நானும் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். பட்டியல் வெறும் சாக்கு, ரூத் கார்லாண்ட் பொய்யெழுதி ஒருவனின் பிழைப்பைக் கெடுத்தாள் என்று சொல்வேன்.

நீ என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று நினைத்திருந்தேன்.

ரோலண்ட் பெக்

*

பிரிஸ்டல்
ஜூலை 14

ரோலண்ட்,

உட்கார்ந்து படியுங்கள். மொரீன் வீட்டில் இருக்கும்போது படியுங்கள்.

டாண்டன், முப்பத்திநான்காவது ஓவர். ஜெம்மா லோவெல் போட்ட பந்தில் நடு ஸ்டம்ப் சாய்ந்தது. நீங்கள் அழகாகச் சொன்னீர்கள். மூன்றே வார்த்தை, பிறகு மௌனம். கூட்டத்தின் சத்தத்தைக் கூட்டத்துக்கே விட்டீர்கள். அவுட்டான பெண் படியேறிக்கொண்டிருந்தாள். அடுத்தவள் இன்னும் கையுறை மாட்டி முடிக்கவில்லை. திரையின் குறுக்கே அந்த வட்டச் சின்னம் ஓடியது. அது ஓடினால் வருவது ரீப்ளே என்று நம் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவார்கள். ஆடுகளத்தின் மறுமுனையிலிருந்து அதே பந்தைக் காட்டினார்கள்.

நீங்கள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டீர்கள். “இன்னொண்ணு! அடுத்தடுத்த பந்துல ரெண்டு விக்கெட்! பாவம் இந்தப் பொண்ணு, வந்ததும் போறா!”

உங்கள் மைக்கை நிறுத்தும் பொத்தானை அழுத்தியது நான். “ரோலண்டுக்கு ஒரு தடவை பாத்தது பத்தலை போல இருக்கு” என்று என் மைக்கில் சொல்லிச் சிரித்தேன். கீழே ஒளிபரப்பு வண்டியில் டங்கனும் சிரித்தார். எல்லோரும் அதை உங்கள் வழக்கமான குறும்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “ரெண்டாவதா அவுட்டானது யாரு?” என்று கேட்காமல் இருந்திருந்தால்.

உங்கள் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். அந்த ஓவரில் இரண்டு விக்கெட் குறித்திருப்பீர்கள். மற்ற எல்லாருடைய ஏட்டிலும் ஒன்று.

அது முதல் முறை இல்லை. மே மாதம் ஒரு பந்துவீச்சாளருக்கு அவர் அப்பாவின் பெயரைச் சொல்லி, ஒரு ஓவர் முழுக்க அப்பாவையே பந்து வீச வைத்தீர்கள். பர்மிங்ஹாமில் மதிய உணவுக்குப் பிறகு நம் அறைக்கு வழி தெரியாமல் மாடிப்படியில் நின்றீர்கள். என்னைக் கண்டதும், “உனக்காகத்தான் நின்னேன்” என்றீர்கள். நான் நம்ப விரும்பினேன், நம்பினேன்.

அடுத்த முறை என் பொத்தான் நேரத்துக்கு எட்டாது. லட்சக்கணக்கானவர்கள் கேட்பார்கள். மறுநாள் நாடு முழுவதும் அந்தத் துண்டைக் கைப்பேசியில் வைத்துச் சிரிக்கும். நல்ல காரணம் ஒன்று வேண்டியிருந்தது, சுவரில் ஒட்டியிருந்தது. பதினொரு முறை சொன்னீர்கள் என்பது உண்மை. ஒவ்வொரு முறையும் அடுத்த சொல்லைத் தேடி முகம் சிவந்தீர்கள் என்பதை எழுதாமல் விட்டேன். அந்தத் தாளில் ஒரு பொய்கூட இல்லை. உண்மையும் இல்லை.

உங்களைப் பிடிவாதக்காரர் என்று சொல்வது இதைவிடக் கருணையானது என்று நினைத்தேன். உங்களைக் கேட்காமல் நினைத்தேன். அதுதான் என் தப்பு.

ரூத்

*

இல்க்லி
ஆகஸ்ட் 1

ரூத்,

குறிப்பேட்டைப் பார்த்தேன். இரண்டு விக்கெட். என் கையெழுத்து. இரண்டாவதற்கு எதிரே பெயர் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

மொரீனிடம் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. “எனக்குத் தெரியும் ரோலண்ட்” என்றாள். “எப்படி?” என்றேன். “எங்கண்ணன் மார்ச்ல போனான். அவன் சவப்பெட்டியைத் தூக்கினவன் நீ. ஏப்ரல்ல அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாங்கிட்டு வந்து, என்ன எழுதலாம்னு என்கிட்டயே கேட்ட.” “நீ என்ன சொன்ன?” “என்னத்தச் சொல்ல. எழுதினோம். தபால்தலை ஒட்டி நீயே கொண்டுபோய்ப் போட்ட.”

நினைவாற்றலைச் சோதிக்கும் மருத்துவர் ஒருவர் லீட்ஸில் இருக்கிறாராம். போகவில்லை. போனால் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்.

இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. இருபத்தொன்பதாம் தேதி வானொலிக்குப் போனேன். உன் பெயர் மேல் விழுந்த கறையைக் கழுவிவிட வேண்டும் என்றுதான் போனேன். மேல்சட்டைப் பையில் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன்: ரூத் கார்லாண்ட் சொன்னது சரி, எனக்கு உடம்பு சரியில்லை. அந்த வானொலிக்காரன், “சொல்லுங்க ரோலண்ட், ஏன் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்னீங்க?” என்று கேட்டான். கையைப் பைக்குள் விட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர், எல்லாம் சின்ன வயது, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் நாய் அடிபட்டுக் கிடந்தால் பார்ப்பார்களே, அப்படி அவர்கள் பார்க்கப்போகும் நிமிடம் எனக்குத் தெரிந்தது. “செத்தாலும் சொல்ல மாட்டேன்” என்றேன். ஒரு தடுமாற்றம் இல்லை. இந்த வருடம் நான் பேசியதிலேயே தெளிவான வாக்கியம் அதுதான். கை தட்டினார்கள்.

“அந்தம்மாவைப் பத்தி என்ன சொல்றீங்க?” என்றான். “அவ நல்லவ, அவ வேலையைச் செஞ்சா” என்றேன். அதையும் கிண்டலாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிடிவாதக்காரன் என்ற பெயரோடு இந்த ஊர்த் தெருவில் நான் நடந்துவிடுவேன். மற்றப் பெயரோடு முடியாது. நீ கேட்காமல் எனக்கொன்று செய்தாய். இப்போது நான் கேட்டே வாங்குகிறேன். அதை அப்படியே இருக்கவிடு. உன் தலையில் எவ்வளவு விழும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ரோலண்ட்

*

பிரிஸ்டல்
ஆகஸ்ட் 29

ரோலண்ட்,

டங்கன் அந்த ஒலிப்பதிவை எனக்கு அனுப்பினார். “வேற ஏதாவது இருந்தா இப்ப சொல்லு ரூத். உன்னையும் காப்பாத்தலாம், எங்களையும் காப்பாத்தலாம்” என்றார். டாண்டன் ஆட்டத்தின் பதிவு அவரிடமே இருக்கிறது. எந்த ஓவர் என்று நான் சொன்னால் போதும். வேறு எதுவும் இல்லை என்றேன்.

லீட்ஸில் சனிக்கிழமை தேநீருக்கு முந்தைய அரை மணி நேரத்தை ஜெம்மா லோவெல்லுக்குக் கொடுத்திருந்தார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். நன்றாகவே செய்தாள். கொஞ்சம் அதிகமாகப் பேசினாள்.

அறைக்குப் போகும் படியில் என்னை நிறுத்தினாள். “அந்தப் பெரியவரை எங்களுக்காகத்தான் அனுப்பினீங்களா?”

“ஆமாம்” என்றேன்.

“நாங்க யாரும் கேக்கலையே. அவர் என்னை என்னன்னு கூப்பிட்டா எனக்கென்ன? எங்க டீம்ல எல்லார் பேரையும் ஒழுங்கா சொன்னது அவர் ஒருத்தர்தான். மத்தவங்களுக்கு நாங்க இன்னைக்கும் ‘அந்தப் பொண்ணு’தான்.” போகத் திரும்பியவள், “எங்க பேரைச் சொல்லி இதைச் செஞ்சிருக்க வேணாம் மேடம்” என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் அரைமனதாக நம்பிய ஒன்றை எடுத்து உங்களுக்குப் போர்வையாகப் போர்த்தினேன். இப்போது அதன் மேல்தான் எல்லோரும் சேற்றை எறிகிறார்கள். அந்தப் பட்டியலை யாராவது இனி வாய்திறந்து சொன்னால், “ரோலண்டுக்குச் செஞ்சதைப் பாத்தோமே” என்பார்கள். என் தலையில் விழுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பெரிதில்லை. இது பெரிது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். பொய்யாகிவிடும். நீங்கள் கேட்டபடி இருக்கவிடுகிறேன். அதற்கு ஒரே நிபந்தனை: லீட்ஸில் இருக்கும் அந்த மருத்துவரிடம் போங்கள். நீங்கள் போனதாக மொரீனின் கையெழுத்தில் எனக்கு ஒரு வரி வர வேண்டும்.

ரூத்

*

இல்க்லி
பிப்ரவரி 19

அன்புள்ள ரூத்,

எப்படி இருக்கிறாய்? வெகுநாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லையே. இங்கே பனி. மொரீன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எழுத்துப் பிழை பார்க்க.

நாம் இருவரும் ஏன் பேசுவதில்லை என்று இன்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஏதோ சண்டை என்று தெரிகிறது, என்ன என்று பிடிபடவில்லை. மொரீனிடம் கேட்டேன். “பேட்டர்னு சொல்லச் சொன்னாங்க, நீ மாட்டேன்னுட்ட. அதான் அனுப்பிட்டாங்க” என்றாள். நீதான் எழுதிக் கொடுத்தாயாம்.

எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன்! ஒரு சொல்தானே. சொல்லித் தொலைத்திருந்தால் இந்த வருடமும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் எவ்வளவு பாடுபட்டு ஆடுகிறார்கள். அவர்களுக்கு இதைக்கூடக் கொடுக்காமல் முறுக்கிக்கொண்டேனே. உனக்கு வேறு வழி இருந்திருக்காது. அன்று உன் மேல் கோபப்பட்டிருப்பேன். இப்போது கொஞ்சமும் இல்லை. முழு மனதோடு உன்னை மன்னித்துவிட்டேன், ரூத். நீயும் இந்தப் பிடிவாதக்காரனை மன்னித்துவிடு.

காரணம் அது ஒன்றுதானே? மொரீன் ஆமாம் என்கிறாள். ஆனால் அவள் முகம் சரியாக இல்லை. நீ சொன்னால் நம்புவேன்.

ரோலண்ட்

*

பிரிஸ்டல்
பிப்ரவரி 22

அன்புள்ள ரோலண்ட்,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. எழுதியதற்கு நன்றி. மன்னித்ததற்கும் நன்றி. பெற்றுக்கொண்டேன்.

மன்னிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பனி குறைந்ததும் இல்க்லிக்கு வருகிறேன். எந்த நாள் வசதி என்று மொரீன் எழுதட்டும். அவளை அதிகம் கேள்வி கேட்காதீர்கள், அவள் சொன்னது சரிதான்.

ஆமாம், அந்தச் சொல்தான் காரணம். வேறு காரணம் எதுவும் இருந்ததில்லை.

ரூத்